24 மணி நேரத் தத்துவம்

வாழ்க்கைத் தத்துவம் காண்பது முன்பெல்லாம் செலவு பிடிக்கிற காரியம். சித்தார்த்தர் அரண்மனை, மனைவி, பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. சாக்ரடீஸ் நஞ்சே குடித்தார். போகும்போது ஒரு வரியாவது எழுதி வைத்தாரா? என்ன அலட்சியம்!

நமக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. சுயவிவரத்தில் 139 எழுத்து வரை அனுமதி. அதற்குள் அடங்காத ஞானம் யாருக்கு வேண்டும்? செயலி தந்த வரியையே மாற்றாமல், தாம் வாட்ஸ்அப் பயன்படுத்துவதாக மட்டும் அறிவிப்பவர்களும் உண்டு. தம் இருப்பை இத்தனை திட்டவட்டமாக, 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற டேக்கார்ட்கூட நிறுவவில்லை.

ஸ்டேட்டஸ் இன்னும் உத்தமம். 24 மணி நேரத்தில் தானே மறைந்து, நிலையாமையையும் சேர்த்துப் போதிக்கிறது. காலையில் 'எல்லோரையும் மன்னித்துவிட்டேன்'. மாலையில் 'துரோகிகளை மறக்க மாட்டேன்'. இரண்டுக்கும் பின்னணி அதே சூரிய உதயம்தான். (நடுவில் சித்தப்பா வீட்டுக்கு வந்து போயிருப்பார்.)

பற்றறுத்தல் பற்றி எழுதிய நண்பர், யார் யார் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கொரு முறை எண்ணிக்கொண்டிருக்கிறார். மைத்துனர் பெயர் மட்டும் வரவில்லை. தத்துவமே அவருக்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. விசாரித்ததில், பார்த்ததைக் காட்டும் அடையாளத்தையே அவர் அணைத்து வைத்திருக்கிறாராம். பார்த்தும் தடம் பதிக்காத துறவி! நண்பர் அசரவில்லை, அதே தத்துவத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார், மைத்துனரை டேக் செய்து.