நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும்

கேள்வி: மகளுக்கு ஒன்றரை மாதம். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். ஆச்சியோ தேன் கிண்ணத்தோடு காத்திருக்கிறார். என்ன செய்ய?
– ஓர் இளம் தாய், குளத்தூர்

பதில்: உங்கள் மகள் அசல் கரிசல்காரி! உங்கள் ஊர்க் கரிசல் மண் நனைந்தால் காலை விடாது, காய்ந்தால் வெடிக்கும். இவளும் நனைத்துக்கொண்டால் மடியை விடமாட்டாள், பசித்தால் வெடிப்பாள். இரவு பகல் பிடிபட இரண்டு மூன்று மாதமாகும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஆகவே ஆகாது. ஆச்சியிடம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தொட்டில் கயிற்றைக் கொடுங்கள். பழைய நூல்சேலைத் தொட்டிலை ஆட்ட அவரை மிஞ்ச ஆளில்லை. நீங்களும் கொஞ்சம் கண்ணயரலாம். பிள்ளை தூங்காவிட்டாலும் ஆச்சி தூங்கிவிடுவார்!