பொந்துக் கத்தியும் புலிக்காடும்

வாய்யா பேராண்டி, அந்தப் பையை அப்படியே கட்டில்ல கவுத்து. தொட மாட்டேன், பார்க்க மட்டும் செய்றேன். ஏ அப்பா! கல்கத்தா லேக் மார்க்கெட்டுல ஒரு கடை பிடிச்சா நாளைக்கே யாவாரம் தொடங்கிரலாமே. கயிறு, கத்தி, விசில், நெத்தி விளக்கு, தீக்கல்லு, தண்ணி உறிஞ்சுற குழாய், வெள்ளித்தாள் போர்வை, திசைகாட்டி மூணு. சுந்தரவனத்துக்கு ரெண்டு ராத்திரி போறதுக்கா இம்புட்டும்? நல்லது. நம்ம வம்சத்துல காட்டுக்குப் போனவுக எல்லாரும் ஒரு துண்டோட போயி விறகோட வந்தாக. நீ ஒருத்தன்தான் கடையோட போறே.

போற வழியைக் கேளு. சியால்தாவுல ரயில் ஏறி கேனிங்ல இறங்குவே. அங்கேருந்து வண்டி பிடிச்சா கோத்காலி. கோத்காலியில படகு. அதுக்கப்புறம் உன் கால் மண்ணுல படுறது சஜ்னேகாலி, சுதன்யகாலின்னு காவல் கோபுரம் இருக்கிற எடத்துல மட்டுந்தான், அதுவும் வேலிக்கு உள்ளாற. காட்டுக்குள்ள இறங்கி நடக்க வனத்துறை விடாது. நீ வேலிக்கு உள்ள, புலி வேலிக்கு வெளிய. நடக்கவே போகாத மனுசனுக்கு எதுக்குய்யா மூணு திசைகாட்டி? ஒண்ணு போக, ஒண்ணு வர, ஒண்ணு செக்டர் ஃபைவ் ஆபீஸ்ல காட்டிக்கிறதுக்கா?

மூணையும் வரிசையா வையி. பார்த்தியா, வடக்கு மூணு பக்கம் இருக்கு. உனக்கு வேணுங்கிற வடக்கை நீயே எடுத்துக்கலாம்.

இந்தக் கத்திதான் நல்ல வேடிக்கை. பிடி பூரா பொந்து. மூடியைத் திருகினா உள்ள தூண்டில் முள்ளு, நரம்பு, நாலு தீக்குச்சி. மூடி உச்சியில சட்டைப் பொத்தான் அளவுல ஒரு திசைகாட்டி. அதுக்குக் கீழ ஒரு சாண் எஃகு. காந்த முள்ளுக்குப் பக்கத்துல எஃகு இருந்தா வடக்கு அதுக்கு மறந்துபோகும். கத்தியை மெதுவாத் திருப்பு. முள்ளும் கூடவே வருதா? அது வடக்கைத் தேடல, கத்தியைத் தேடுது. கத்தி எங்கன்னு நமக்கே தெரியுமே, கையிலதான இருக்கு! இன்னொண்ணு, அலகோட வால் பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடினாத்தான் கத்திக்குப் பலம். பொந்து வைக்கிறதுக்காக வாலை வெட்டிருக்கான். தேங்கா ஒடைச்சுப் பாரு, பிடி உன் கையில, அலகு பக்கத்து வீட்டு பாபு மடியில.

ரெண்டாவது, உன் செல்போன் உறையில ஒட்ட வச்சிருக்கிறது. அந்த உறையில காந்தம் இருக்கு. பலத்த காந்தத்தோட ஒரு ராத்திரி குடித்தனம் பண்ணினா, முள்ளு தலைகீழாப் புத்தி மாறி சிவப்பு முனை தெக்கைக் காட்ட ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். அதை நம்பி நீ வடக்க நடந்தா, வங்காள விரிகுடாவுல குளிச்சிட்டு வரலாம்.

மூணாவது பரவாயில்ல. கண்ணாடித் தட்டு, சுத்துற வளையம், உள்ள எண்ணெய். எண்ணெயில குமிழி இருக்கான்னு பாரு. மர பெஞ்சில வச்சி ஒரு சாவியை ஒரு பக்கமாக் காட்டி எடு, பெறகு மறு பக்கமாக் காட்டி எடு. ரெண்டு தடவையும் முள்ளு பழைய எடத்துக்கே வந்து நின்னா நம்பலாம். முள்ளு கண்ணாடியில உரசினா, அது வேற தேசத்துக்குச் செஞ்சது. பூமிக்காந்தம் ஊருக்கு ஊரு முள்ளைக் கீழ இழுக்கும், அதுக்குத் தக்கன எடை வச்சித்தான் முள்ளைச் செய்வான். உன் யோகம், கல்கத்தாவுல காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் ஒரு பாகைக்குள்ளதான் வித்தியாசம். கனடாவுல சில பக்கம் பத்து, இருபது பாகை திருத்திக்கிட்டுத்தான் காலையே எடுத்து வைக்கணும். அந்தப் பாடு உனக்கு இல்ல.

என்ன முழிக்கிறே? தாத்தன் ஆடு மேய்ச்சவன், இதெல்லாம் எங்க படிச்சான்னுதான? ஆடு மேய்ச்சது சின்ன வயசுல. அப்புறம் சர்வேயில செயின்மேன். சர்வேயர் அய்யா முக்காலி கிட்ட நின்னு கையை ஆட்டுவாக, நாங்க கொடியைத் தூக்கிக்கிட்டுக் கருவேல முள்ளுக்குள்ள ஓடுவோம். தியோடலைட் பெட்டி எந்தோள் மேலதான் வரும். பித்தளைத் தகட்டுல 'நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், கல்கத்தா'ன்னு வெட்டிருக்கும். இந்த ஊரை நான் பார்க்கிறதுக்கு முந்தியே தோள்ல சுமந்தவன்யா. அந்தக் கம்பெனி 1830-ல கல்கத்தாவுல கணிதக் கருவி ஆபீஸ்னு தொடங்கினது, பின்னால ஜாதவ்பூர்ல ஃபாக்டரியா நின்னுச்சு. இப்ப ஃபாக்டரி இல்ல, எடம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்கிட்ட. நீ தெனமும் அந்தப் பக்கந்தான் போறே, செல்போனை விட்டுத் தலையைத் தூக்கினாத்தான தெரியும்.

அந்தக் கருவிக்கெல்லாம் உயிர் குடுத்தவருல ஒருத்தர் நம்ம ஆற்காட்டுக்காரர், சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். எவரெஸ்ட் துரைன்னு ஒருத்தன் இருந்தானே, மலைக்குப் பேரு வச்சாகளே, அவனோட கருவிகளைப் பழுது பார்த்தவரு. சீமையிலேருந்து வந்த கருவிக்காரன் பாரோ போனதுக்கப்புறம் அவரு வேலையை இவருகிட்டத்தான் குடுத்தாக. ஒரு தடவை பேரக்பூர் டிரங்க் ரோட்டுல போயிப் பாரு. 1831-32-ல அந்த ரோட்டு மேல சர்வேக்கு அடிக்கோடு அளக்கக் கட்டின கோபுரம் ரெண்டு, பைக்பாராவுல ஒண்ணு, சுக்சர்ல ஒண்ணு, இன்னும் நிக்கிது. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சே அதைச் சாய்க்கப் பார்க்கிறான், சாயல.

பெரிய கருவி வச்சிருந்தவன் கதையையும் கேட்டுக்கோ. 1802-ல பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டுத் தேசத்தை அளக்கத் தொடங்கினவன் லாம்டன். அவன் தியோடலைட் அரை டன்னு. 1808-ல தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்து மேல அதைக் கயிறு கட்டி ஏத்தினான். கயிறு அறுந்து, கருவி சுவத்துல மோதி, பாகை வெட்டின வட்டம் கோணிப்போச்சு. கூடாரத்துக்குள்ள போயி ஆறு வாரம் உக்காந்து, ஆப்பும் திருகாணியும் வச்சி மெல்ல மெல்ல அதை வட்டத்துக்குக் கொண்டாந்தான். அம்புட்டு உசத்தியான கருவி வச்சிருந்தான், கயிறு கைவிட்டிருச்சு. அதனால நீ வாங்கினதுல மொதல்ல கயித்தைக் காட்டு. இதுவா? பளபளன்னு இருக்கு. கைப்பட்டையாப் பின்னி வித்தா அலங்காரத்துக்கு ஆகும்.

ஒண்ணுமே இல்லாமப் போனவனும் இருக்கான். குமாவுன் மலையில மிலம் ஊரு, நயின் சிங் ராவத், பள்ளிக்கூட வாத்தியார். சாமியார் வேசத்துல திபெத்துக்குப் போனாரு. செபமாலையில 108 மணிக்குப் பதிலா 100. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளுனா, ஒரு சுத்து மாலைக்குப் பத்தாயிரம் எட்டு. செப உருளைக்குள்ள மந்திரம் இருக்க வேண்டிய எடத்துல கணக்கு எழுதின காயிதம். ஊன்றுகோலுக்குள்ள வெந்நீர்ச் சூடு பார்க்கிற கருவி, அதை வச்சி உசரம் கணக்குப் போட்டாரு. சோழிக்குள்ள பாதரசம், அதைத் திருவோட்டுல ஊத்தி நட்சத்திரம் அளந்தாரு. 1866-ல லாசாவுல நின்னாரு. 1877-ல லண்டன் பூகோளச் சங்கம் தங்கப் பதக்கம் குடுத்துச்சு. அவருக்குத் தன் எட்டு எவ்வளவுன்னு தெரியும். உனக்குத் தெரியுமா? ரவீந்திர சரோவர்ல நாளைக் காலையில நூறு மீட்டர் அளந்து வச்சி நடந்து எண்ணு. காசு இல்லாத கருவி, பேட்டரி தீராது. கடையில இல்லைங்கிறதுனால உன் சிநேகிதப் பயலுக வாங்கல.

இப்பச் சுந்தரவனத்துக்கு வருவோம். அங்க வடக்கு தெக்கு யாருக்கும் வேண்டியதில்ல, தண்ணி ஏறுதா இறங்குதாங்கிறதுதான் கேள்வி. படகுக்காரன் ஜோயார்னு சொன்னா ஏத்தம், பாட்டான்னு சொன்னா வத்தம். அமாவாசை, பௌர்ணமிக்கு ரெண்டு ஆள் உசரம் ஏறி இறங்கும். ஏத்தத்துல பெரிய ஆறா இருந்த ஓடை, வத்தத்துல சேறாக் கெடக்கும். வேளை தப்பி உள்ள போனா ஆறு மணி நேரம் படகு சேத்துல உக்காந்திரும், நீயும் கூடவே. இறங்கித் தள்ளலாம்னு காலை வச்சே, சேத்துலேருந்து ஆணியா நிக்கிற வேரு பாதத்தைப் பதம் பார்க்கும். முதலையும் அங்கதான் வெயில் காயும். ஏத்தமும் வத்தமும் எப்பன்னு வருசா வருசம் சர்வே ஆஃப் இந்தியா ஹூக்ளி ஆத்துக்கு அட்டவணை போடுது. உன் மூணு திசைகாட்டிக்கும் சேர்த்து அந்த ஒத்தைத் தாளைக் குடுக்கலாம். உட் ஸ்ட்ரீட்ல அவுக ஆபீஸ் இருக்கு, காயித வரைபடமும் கேட்டுப் பாரு. ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கணக்குல இருக்கிறதை வாங்கு.

செல்போன் வேணாம்னு சொல்லல. சிக்னல் இல்லாட்டியும் அது வானத்துலேருந்து எடத்தைக் கேட்டுச் சொல்லிரும். ஆனா படத்தை வீட்டுலயே இறக்கி வச்சிருக்கணும். இல்லைன்னா வெள்ளைத் திரையில ஒரு நீலப் புள்ளி நிக்கும். நீ இருக்கே, உலகம் இல்ல.

இந்த உறிஞ்சு குழாய் இருக்கே, அடேயப்பா, இதுக்கு என்ன விலை? சொல்லாத, எனக்கு ரத்தக் கொதிப்பு. இது கிருமியைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது. சுந்தரவனத்துல எந்த ஓடையில வாயை வச்சாலும் உப்பு. இதால உறிஞ்சினா சுத்தமான உப்புத் தண்ணி வரும். கேன்ல நல்ல தண்ணி ஏத்திக்கோ. தீக்கல்லும் வேணாம். சரணாலயத்துல தீ மூட்டினா ஃபாரஸ்ட்காரன் உன்னை மூட்டை கட்டிருவான், படகுல அடுப்பு எப்படியும் எரியும்.

அப்புறம் அந்தச் செயற்கைக்கோள் கருவி. அமெரிக்காவுலேருந்து வர்ற சிநேகிதன் கொண்டாறான்னு உங்கம்மா சொன்னா. பொத்தானை அமுக்கினா ஹெலிகாப்டர் வருமாமே. நம்ம தேசத்துல பொத்தானை அமுக்காமலே போலீசு வரும்யா. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம அதைக் கையில வச்சிருந்தாலே குத்தம். தெரியாமக் கொண்டு வந்த வெளிநாட்டுக்காரங்களையே ஏர்போர்ட்ல பிடிச்சு உள்ள வச்சிருக்காக. அங்க பத்திரிகையில உயிர் காக்கும் சாமான்னு எழுதினவனுக்கு நம்ம லாக்கப் தெரியாது.

அங்க தேன் எடுக்கப் போற மௌலேக்கு உன் பையில பாதி சாமான்கூடக் கெடையாது. காட்டைக் காக்கிற வனபீபிக்கு வணக்கம் போட்டு இறங்குவான். புலி பின்னாலேருந்துதான் பாயும்னு 1986-ல பின்மண்டையில மனுச முகமூடி மாட்டிவிட்டாக. கொஞ்ச காலம் புலி ஏமாந்துச்சு, அப்புறம் கண்டுபிடிச்சிருச்சுன்னு சொல்றாக. பாரு, புலிகூடப் பொருளைப் பரீட்சை பண்ணித்தான் முடிவுக்கு வருது. நீ பொட்டியைப் பிரிக்கிற படத்தைப் பார்த்து வாங்கிருக்கே.

சந்தக்பு மலைக்குப் போறதா இருந்தா வேற பேச்சு. 3,636 மீட்டர் உசரம், மூடுபனியில முன்னால போறவன் முதுகு தெரியாது. அங்க இந்த வெள்ளித்தாள் போர்வை வேணும், பேட்டரியைச் சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சிக்கணும், குளிர்ல சார்ஜ் இறங்கிரும். சிங்கலீலா காட்டுக்குள்ள வழிகாட்டி இல்லாம விடவும் மாட்டாக. பெங்காலி பாபு அதுக்கெல்லாம் குரங்குக் குல்லா ஒண்ணைத்தான் நம்புறாரு. நீ சிரிக்கிறே, அவரு காது சூடா இருக்கு.

சரி, கட்டு பையை. லைஃப் ஜாக்கெட் படகுல இருக்கான்னு ஏறுறதுக்கு முந்தி எண்ணிப் பாரு, ஆளுக்கு ஒண்ணு இல்லாட்டி ஏறாத. விசிலை அதுலயே கட்டிக்கோ. தட்டுத் திசைகாட்டி, காயிதப் படம், ஏத்த வத்தத் தாளு, ஓஆர்எஸ் பொட்டலம், உன் மூக்குக் கண்ணாடிக்கு மாத்து, கரியாஹாட்ல ஒரு காம்சாத் துண்டு. அதைத் தலையில கட்டலாம், வடிகட்டலாம், காயத்துல சுத்தலாம், கடைசியில முகமும் தொடைக்கலாம். எங்க போறே, எப்ப வருவேன்னு உங்கம்மாகிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போ. பொந்துக் கத்தி அடுப்படியில இருக்கட்டும், உங்க ஆச்சி வெண்டைக்காயில அதுக்குப் பயிற்சி குடுக்கட்டும்.

வரும்போது சர்க்கார் விக்கிற மௌபன் தேன் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா, சீல் இருக்கான்னு பாரு. அந்த நெத்தி விளக்கை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போ. படகுல உனக்குப் பல்பு எரியும், இங்க ராத்திரி எந்திரிச்சுப் போறவன் நான்தான்.