சொன்னவண்ணம் செய்யும் மெஷின்

திருமழிசை ஆழ்வார் காஞ்சியை விட்டுக் கிளம்பியபோது பெருமாளையும் எழுந்து வரச் சொன்னார். பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். திரும்பி வந்து படுக்கச் சொன்னதும் வந்து படுத்தார். அன்றிலிருந்து காஞ்சியில் அவருக்கு 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்றே பெயர். அந்த ஆழ்வார் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே இன்று பெங்களூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் பறக்கும் வண்டிகளுக்கெல்லாம் சான்றிதழ் தருகிறதே புகைச்சோதனை மெஷின், பெருமாளுக்கு அடுத்தபடியாக அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

அதன் வேலை என்ன? நிற்கிற வண்டியின் சைலன்சரில் ஒரு குழாயைச் சொருகி, பெட்ரோல் வண்டியென்றால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்க்கும். பி.எஸ். 4 காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் தாண்டக்கூடாது. நைட்ரஜன் ஆக்சைடை அது பார்க்காது. நுண்துகளைப் பார்க்காது. சத்தத்தை? அதற்குக் காதே வைக்கவில்லை. சைலன்சர் என்ற பெயரே சத்தத்தை அடக்குவதால் வந்தது. அந்த சைலன்சரின் வாயிலேயே குழாயைச் சொருகிவிட்டு, அது சத்தத்தை அடக்குகிறதா என்று மட்டும் கேட்க மாட்டோம் என்கிறது அரசாங்கம்.

மாடிஃபை செய்த காருக்கு இதைவிட வசதியான பரீட்சை உலகத்தில் உண்டா? புகையைச் சுத்தம் செய்யக் கம்பெனி வைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டவன், டெஸ்டுக்கு முதல் நாள் பழையதை மாட்டிக்கொள்ளலாம். பட்டனை அமுக்கினால் மூடிக்கொள்ளும் வால்வு எக்ஸாஸ்ட் வைத்தவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. பைக்காரனுக்கு 'டிபி கில்லர்' என்று ஒரு செருகு குழாய் இருக்கிறது. ஒரு ஆலன் கீ போதும், போலீஸைக் கண்டால் உள்ளே, தாண்டினால் வெளியே. இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவைத் திருத்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பட்டாசு வெடிக்கும்படி செய்து தருகிறார்கள். எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் கொண்டுபோய் எரிக்கிற அந்த வித்தைக்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள் நம் பிள்ளைகள். ஐட்லிங்கில் அந்தக் கார் பரம சாது.

மெஷினுக்குக் காது இல்லை. மூக்காவது இருக்கிறதா? டெல்லியில் வாகனப் புகை பற்றிய தணிக்கைத் துறையின் அறிக்கை 2025-இல் சட்டசபைக்கு வந்தது. வரம்பை மீறிப் புகை கக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குப் பாஸ். சோதித்துச் சான்றிதழ் கொடுக்க ஒரே நிமிடம்தான் எடுத்ததாகப் பதிவான கேஸ்கள் 76,000-க்கும் மேல். ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்த அற்புதமும் நடந்திருக்கிறது. நம் ஊரில் அப்படியெல்லாம் நடக்காது என்று நம்புவோம். ஆனால் தமிழ்நாட்டில் 2024-இல் ஓர் ஆப் கொண்டுவந்தார்கள்: மையத்துக்கு வந்த வண்டியைப் படமும் வீடியோவும் எடுத்து, எந்த இடத்தில் எடுத்தோம் என்பதோடு ஏற்ற வேண்டும். வண்டி டெஸ்டுக்கு வந்ததா என்பதற்கே ஒரு ஆப் தேவைப்பட்டதென்றால், அதற்கு முன்னால் என்னதான் நடந்துகொண்டிருந்தது ஐயா?

சட்டத்துக்குக் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ், கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மீறி மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறினால் 10,000 வரை, அல்லது மூன்று மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். படிக்கும்போதே நடுங்குகிறது. நடுங்குவது யார் என்று பார்த்தால் பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல்காரர்தான். புகைச் சான்றிதழ் தேதி முடிந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். அவரை ஓரங்கட்டி ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போதே பானட்டில் கட்சிக்கொடியும் உள்ளே ஏர் ஹாரனும் வைத்த வண்டி காதைக் கிழித்துக்கொண்டு போகும். பல சுரம் பாடும் ஹாரனுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 119-இல் தடை இருக்கிறது. இருக்கட்டுமே, விதியா வந்து கையை நீட்டி மறிக்கப்போகிறது?

ராத்திரி வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் அனுமதி என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி சொல்கிறது. அந்த எண்ணை அவர்கள் அளந்து பார்க்கக்கூட வழி இல்லை. 2011-இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு அமைப்பில் சென்னைக்குக் கிடைத்தவை 10 நிலையங்கள். அவற்றில் ஒன்றுகூட மேற்குப் புறநகரில் இல்லை. பூந்தமல்லிக்காரனுக்கும் ஆவடிக்காரனுக்கும் காது இருப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் இல்லை.

விற்கிறவனோ ரொம்ப நேர்மையானவன். 'ரேஸ் டிராக்கில் மட்டும் பயன்படுத்தவும்' என்று எறும்புக்குத் தெரிகிற எழுத்தில் போட்டுவிடுகிறான். போகட்டும். ரேஸ் டிராக் எங்கே இருக்கிறது? முதலில் சொன்ன அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், கொஞ்சம் தள்ளி, இருங்காட்டுக்கோட்டையில். 1990-லிருந்து இருக்கிறது. ஆசை தீர உறும வேண்டியவன் அங்கே பணம் கட்டி உறுமலாம். ஆனால் அங்கே ஹெல்மெட் கேட்பான், விதி சொல்வான், பக்கத்தில் ஓட்டுகிறவன் நிஜமாகவே ஓட்டத் தெரிந்தவனாக இருப்பான். தூங்குகிற கிழவியையும் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணையும் ஜெயிப்பதுதான் சுலபம்.

போலீஸும் சும்மா இல்லை. நாட்டின் பல நகரங்களில் பறித்த சைலன்சர்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, கேமராக்காரர்களை வரவழைத்து, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறார்கள். பார்க்க அருமையாக இருக்கும். அதைச் செய்து விற்ற பட்டறை மேல் எந்த ரோலரும் ஏறியதில்லை. நசுங்கியதற்குப் பதில் புதிது வாங்க அதே கடைக்குத்தான் போவான்.

பாரிஸில் சத்தத்தை அளந்து நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும் கருவியைக் கம்பத்தில் மாட்டிச் சோதித்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் டெசிபல் மீட்டரை வைத்து, இன்ஜினைக் குறிப்பிட்ட வேகத்துக்கு ஏற்றி அளக்கிற முறை ஏற்கெனவே இருக்கிறது. புகைச்சோதனை மையம் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் வையுங்கள். அளந்த எண்ணைச் சான்றிதழில் அச்சடியுங்கள். சாலையில் மறிக்கும் போலீஸ்காரர் கையிலும் ஒன்று கொடுங்கள், கொடி கட்டிய வண்டியிடமும் அதை நீட்டச் சொல்லுங்கள். அதெல்லாம் முடியாதென்றால் இப்போது தருகிற சான்றிதழின் அடியில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'இந்த வண்டி நின்றுகொண்டிருந்தபோது நல்ல வண்டி.'