சட்டைப்பையே போதும்

குரோம்பேட்டை மாமா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் என்றால் பேசுவதற்கு என்பது அவர் கட்சி. கையில் இருப்பது பட்டன் போன். டார்ச் உண்டு, எஃப்எம் உண்டு, சார்ஜ் போட்டால் நாலு நாளைக்குக் கவலை இல்லை.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகனுக்கு இது தாங்கவில்லை. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' ஆப் வந்த கையோடு போன் செய்தான். "பஸ், மெட்ரோ, லோக்கல் ட்ரெயின் எல்லாத்துக்கும் ஒரே க்யூஆர், மாமா!"

"எனக்கும் எல்லாத்துக்கும் ஒரே சட்டைப்பைதான்டா" என்றார் மாமா.

அவன் சென்னை வந்தால் இருவரும் சேர்ந்து ஊர் சுற்றுவது வழக்கம். வீட்டு வாசலிலேயே போட்டி தொடங்கிவிடும். ரயில் நிலையத்தில் மாமா கவுன்டருக்குப் போவார். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அட்டை டிக்கெட், தாள் டிக்கெட் எல்லாம் பார்த்த தடம் அது. காசை நீட்டினால் சீட்டு வந்துவிடும். மருமகனோ பிளாட்பாரத்தில் நின்றபடி போனை எடுப்பான். அங்கேதான் சிக்கல். தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு போனில் டிக்கெட் எடுக்க ரயில்வே ஆப் விடாது. பரிசோதகர் தலை தெரிந்ததும் அவசர அவசரமாக டிக்கெட் எடுக்கும் புத்திசாலிகளுக்காகப் போட்ட வேலி அது. யோக்கியனும் அதில் மாட்டிக்கொள்வான். ஒன்று, நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே போய்விட்டு வர வேண்டும். மாமா பெஞ்சில் உட்கார்ந்து, "மெதுவா வாடா, அடுத்த வண்டியில போவோம்" என்பார். அந்த 'மெதுவா'வில் இருக்கும் சுகம் அவர் முகத்தில் தெரியும்.

கிண்டியில் மெட்ரோவுக்கு மாறினால் ஆட்டம் திரும்பும். கவுன்டரில் ரொக்கம் கொடுப்பவருக்கு முழுக் கட்டணம். போனிலோ கார்டிலோ கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. "பார்த்தீங்களா மாமா!" என்று மருமகன் துள்ளுவான். இருபது சதவீதத்துக்காகப் பதினைந்தாயிரம் கொடுத்துப் போன் வாங்குவதா என்று மாமா மனக்கணக்குப் போட்டார். கடைசியில் சிங்காரச் சென்னை கார்டு வாங்கிக்கொண்டார். 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்கு வந்த இந்தக் கார்டு, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் செல்லும். ஆப் இல்லாமலே தள்ளுபடி கிடைத்ததும் மருமகன் வாயடைத்துப் போனான்.

பேருந்துதான் மாமாவின் கோட்டை. 60 வயது தாண்டிய சென்னைவாசிக்கு மாதம் 10 டோக்கன் இலவசம். தீபாவளிப் பட்டாசைக் காயவைக்கும் பையனைப் போல அவற்றை எண்ணி எண்ணி வைத்திருப்பார். மாமிக்கு அந்தக் கணக்கும் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசே வேண்டாம். ஆப் இல்லை, கார்டு இல்லை, டோக்கன் இல்லை, ஏறினால் போதும். தொழில்நுட்பத்தில் எங்கள் வீட்டில் அவள்தான் முன்னேறியவள் என்று மாமா சொல்வதுண்டு.

டோக்கன் தீர்ந்த மாதக் கடைசியில் மயிலாப்பூரில் 29சி ஏறினால் காட்சியே வேறு. கண்டக்டர் சீட்டை விட்டு அசைய மாட்டார். "ஒரு பெசன்ட் நகர், பாஸ் பண்ணுங்க சார்" என்று மாமா கொடுக்கும் ஐம்பது ரூபாய், கல்லூரி மாணவி, பூக்காரம்மா, ஹெட்போன் மாட்டியவர் என்று கை மாறிக் கை மாறிப் போகும். சீட்டும் மீதியும் அதே வழியில் திரும்பி வரும். முன்பின் தெரியாத நாலு பேரை நம்பிப் பணம் அனுப்புகிறோம்; பின் நம்பரும் கிடையாது, ஓடிபியும் கிடையாது. சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் '30' என்று கிறுக்கிக் கொடுப்பார். இறங்கும் வரை மாமாவின் விரல் அந்தச் சீட்டை விடாது.

அவர் தோற்றுப்போன ஒரே இடம் வாடகை சைக்கிள். சாலையோரம் வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்து ஆசையோடு போனார். பூட்டில் சாவித் துளை இல்லை, க்யூஆர்தான் இருந்தது. ஆப் இல்லாதவருக்கு மணியடித்துப் பார்க்க மட்டும்தான் அனுமதி.

ஆனால் இந்த யோசனை பிறந்தபோது போனே தேவைப்படவில்லை. 1965-ல் ஆம்ஸ்டர்டாமில் 'ப்ரோவோ' இயக்க இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று தெருவில் விட்டார்கள். பூட்டாமல் விடுவது சட்ட விரோதம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. சரி என்று எண் பூட்டு போட்டார்கள். அந்த எண்ணைச் சைக்கிள் மேலேயே எழுதியும் வைத்தார்கள். கோபன்ஹேகனில் 1995-ல் 20 குரோனர் நாணயத்தைத் துளையில் போட்டால் சைக்கிள் கிடைத்தது. திருப்பி விட்டால் நாணயமும் திரும்பி வந்தது. பக்கத்து மைசூரில் 2017 ஜூனில் 'ட்ரின் ட்ரின்' தொடங்கியபோதுகூடப் பதிவு செய்துகொண்டு கார்டைக் காட்டினால் சைக்கிள் விடுபட்டது. இதைக் கேட்டதிலிருந்து மாமா மைசூருக்கு ரயில் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆப்பில் சிக்கிய இன்னொரு ஊர் சிங்கப்பூர். அந்தக் கதையை மாமாவுக்குச் சொன்னதே மருமகன்தான். அங்கே பழைய பயண கார்டுகளை நிறுத்திவிட்டுப் புது முறைக்கு மாற்றப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். புது முறையில் கதவருகே கார்டைத் தட்டும்போது மீதிப் பணம் எவ்வளவு என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் ஆப்பைத் திறக்க வேண்டும். ஜனங்கள் பிடித்த பிடியில் இரண்டே வாரத்தில் அரசு இறங்கி வந்தது. பழைய கார்டைத் தொடர்ந்து வைத்திருக்க 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாக ஒதுக்கியது.

மாமா வாய்விட்டுக் கணக்குப் போட்டார். "மீதி தெரியறதுக்கா இவ்வளவு செலவு? நம்ம 29சி கண்டக்டர் ஒரு பேனாவுல முடிச்சிருப்பாரேடா!"