விண்டலூ வீரர்

பிரிட்டனில் வெள்ளிக்கிழமை இரவு ‘இந்தியன்’ பார்சலுக்குப் போன் போடும் வீடுகளில் மெனு அட்டையைத் தொடாத ஒருவர் உண்டு. மற்றவர்கள் கோர்மாவா, டிக்கா மசாலாவா என்று அரைமணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, அவர் மட்டும் “எனக்கு விண்டலூ, காரம் தூக்கலா இருக்கட்டும்” என்று முடித்துவிடுவார். “ரொம்பக் காரமாச்சே சார், பரவாயில்லையா?” என்று கடைக்காரர் கேட்டால் முகம் மலரும், கேட்காவிட்டால் அந்த இரவே வீண். ஊர் இவரைத் துணிச்சல்காரர் என்கிறது. எனக்கென்னவோ, அந்த வீட்டிலேயே மிகவும் பயந்த சாப்பாட்டாளி இவர்தான் என்று தோன்றுகிறது.

சாட்சி கடையின் அடுக்களையிலேயே இருக்கிறது. இந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள். காலையில் ஒரு பெரிய அண்டாவில் வெங்காயக் குழம்பைக் கொதிக்கவைத்து அரைத்து வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் அதில் க்ரீமும் தேங்காயும் சேர்ந்தால் கோர்மா. மிளகாய்த்தூள் சேர்ந்தால் மெட்ராஸ். இன்னும் கொட்டினால் விண்டலூ. மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டினால் ஃபால். ஃபால் பிரிட்டனிலேயே பிறந்த பிள்ளை. சென்னையில் போய் ‘மெட்ராஸ் கறி’ கேட்டால் சர்வர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கோவாவில் போர்ச்சுக்கீசியர் வழிவந்த விண்டலூவுக்கு உயிர் வினிகரின் புளிப்பும் பூண்டும்தான். இங்கே அது காரப் படிக்கட்டில் வெறும் ஒரு படி. ஆகவே நம் வீரர் ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, படியைத் தேர்ந்தெடுக்கிறார். பண்டம் என்றால் யோசிக்க வேண்டும், கேட்க வேண்டும், பிடிக்காமல் போனால் விழிக்க வேண்டும். மேல்படி என்றால் அந்த வம்பே இல்லை.

காரமும் ஒரு சுகம்தானே என்று யாராவது சண்டைக்கு வரலாம். வாஸ்தவம். மிளகாயின் கேப்சைசின், சுமார் 43 டிகிரி சூட்டில் விழித்துக்கொள்ளும் நரம்புணரியை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. வாய் தீப்பற்றிவிட்டதாக மூளை நம்புகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆபத்தில்லாத வேதனையை மனிதன் ரசிக்கிறான் என்று பால் ரோசின் என்ற உளவியலாளரும் விளக்கியிருக்கிறார். சுகம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சுகத்துக்குச் சாட்சிகள் எதற்கு? வீரர் முதல் கவளத்தை வைத்ததும் சுற்றியிருப்பவர்களின் முகங்களைத்தான் பார்க்கிறார். அவருடைய ஆர்டரின் மற்ற வரிகளையும் படியுங்கள்: இரண்டு நான், மாங்காய்ச் சட்னி, ஒரு ராய்த்தா. பியர் ஏற்கெனவே பிரிஜ்ஜில் இருக்கிறது. தண்ணீரில் கரையாத கேப்சைசினிடம் பியரின் பாச்சா பலிக்காது. தயிரிலுள்ள கேசீன் புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துப் போகும். “அது என் மனைவிக்கு” என்று சொல்லி வாங்கிய ராய்த்தாதான் கடைசியில் வீரரைக் காப்பாற்றுகிறது. 1998-இல் பிபிசியின் ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ தொடர் இந்தக் கூத்தைத் தலைகீழாக்கிக் காட்டியது: இந்தியர்கள் கும்பலாக ஆங்கிலேய உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே சப்பென்ற பண்டம் எது என்று வீறாப்பாகக் கேட்பார்கள். நாடு சிரித்தது. அதே ஆண்டு உலகக் கோப்பைக்காக வந்த ‘விண்டலூ’ என்ற கால்பந்துப் பாட்டை விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கும் ஏற்றிவைத்தது.

படிக்கட்டைக் கட்டியது கடைக்காரர்கள்தானே, வாடிக்கையாளரை ஏன் வைய வேண்டும்? கட்டினார்கள்தான், விற்பதைத்தானே வியாபாரி சமைப்பான்! ஆனால் கடை மூடியபின் அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும், சாட்கோரா எலுமிச்சை மணக்கும் மீன்குழம்பு மெனுவில் ஏறுவது அபூர்வம். கேட்க ஆளில்லை. லண்டன் தமிழர் இதைப் படித்துச் சிரிக்கவும் வேண்டாம். “நாங்க ஊர்க்காரங்க, எங்களுக்குப் போடுற மாதிரி போடுங்க” என்று போனில் சொல்லிவிட்டு, பார்சல் வந்ததும் “இதெல்லாம் ஒரு காரமா?” என்று பச்சைமிளகாயைக் கடிக்கிறவரும் இந்த ஜாதிதான். அந்த மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது என்பது அவருக்கு ஞாபகம் வராது. அவரும் மீன்குழம்பு கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் சமையல்காரர் ஒரே டப்பாவிலிருந்துதான் இன்னொரு கரண்டி மிளகாய்த்தூள் போடுகிறார்.