குரைக்காமல் பாயணும்!

கே: இந்தூரில் 150 டெராவாட் லேசர் இருக்கிறதாமே? அவ்வளவு சக்தி இருந்தும் 'துடிப்பு சுத்தமாக இல்லை' என்று விஞ்ஞானிகள் ஏன் புலம்புகிறார்கள்?
– இயற்பியல் மாணவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: பக்கத்து ராஜபாளையத்து நாய் பன்றி வேட்டைக்குப் பேர் போனது. பாயுமுன் குரைத்துத் தொலைத்தால் பன்றி நிற்குமா? லேசருக்கும் அதே வியாதி. 25 ஃபெம்டோ வினாடித் துடிப்பு வந்து சேருமுன், ஆம்பிளிஃபயரில் தானாகக் கசியும் ஒளி சில நானோ வினாடி முந்திக்கொண்டு இலக்கைத் தொட்டுவிடும்.

கசிவு உச்சத்தில் கோடியில் ஒரு பங்குதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. உச்சம் சதுர சென்டிமீட்டருக்கு 10²⁰ வாட் என்றால், கோடியில் ஒரு பங்கே 10¹³ வாட். திடப்பொருளைப் பிளாஸ்மாவாக்க அது தாராளம். அசல் துடிப்பு வரும்போது இலக்கு இருக்காது, புகைதான் இருக்கும்.

இத்தகைய லேசர்களுக்கு ஆதாரமான, துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் வித்தையை 1985-ல் கண்டுபிடித்த ஸ்ட்ரிக்லாண்டுக்கும் மூருவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. கசிவு மட்டும் போகவில்லை.

மருந்துகள் உண்டு. எனக்குப் பிடித்தது பிளாஸ்மா கண்ணாடி: எதிரொளிக்காத பூச்சுள்ள ஒரு கண்ணாடித் துண்டு. பலவீனமான கசிவு ஊடுருவிப் போய்விடும். அசல் துடிப்பின் முன்விளிம்பு பட்டதும் மேற்பரப்பு பிளாஸ்மாவாகி, மீதியைப் பளிச்சென்று திருப்பிவிடும். சுத்தம், அதாவது உச்சத்துக்கும் கசிவுக்கும் உள்ள விகிதமான 'கான்ட்ராஸ்ட்', சுமார் நூறு மடங்கு கூடும். ஆனால் பட்ட இடம் காலி; அடுத்த முறைக்குக் கண்ணாடியை நகர்த்த வேண்டும். இன்னொரு வழி, பேரியம் ஃப்ளோரைடு படிகம். வலுவான ஒளியின் அதிர்வுத் தளத்தை மட்டும் திருப்பி, கசிவை வடிகட்ட உதவும். பெரும்பகுதி ஆற்றலைக் கூலியாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி யாராவது டெராவாட் கணக்குச் சொன்னால், 'கான்ட்ராஸ்ட் எவ்வளவு சார்?' என்று கேளுங்கள்.