தட்டு ஒண்ணு, வாய் நாலு

சேக்காளிக நாலு பேரும் பினாங்குக்குப் போறீகளாம்ல மருமகனே? சந்தோசம். அந்தப் போன்ல ஏத்தி வச்சிருக்கிற பட்டியலக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம். அடேயப்பா! காலையில மலை, அப்புறம் புத்தர் கோயிலு, சுவத்துப் படம், தண்ணி மேல வீடு, வெள்ளக்காரன் கோட்டை, பட்டாம்பூச்சிப் பண்ணை, ராத்திரி கர்னி டிரைவ்ல சாப்பாடு. அம்புட்டும் ஒரே நாள்ல! இத நீங்க கால வச்சு எழுதல மருமகனே, விரல வச்சு எழுதியிருக்கீக. விரலுக்கென்ன, வேர்க்குமா, வலிக்குமா?

நான் படிக்காதவன். வயசுப் பிள்ளையில அந்த ஊருச் சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவுனவன். எனக்கு ஊரப் பத்தி என்ன தெரியும்? எச்சித் தட்டப் பத்தித்தான் தெரியும். எவன் எத மிச்சம் வைக்கிறான், எவன் எத வழிச்சு நக்குறான்னு கழுவுறவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ஊரு பாக்க வந்தவுக தட்டு பாதி மிச்சத்தோடதான் உள்ள வரும். ஆளுக்கு ஒரு தட்டு வாங்கி, முதக் கடையிலயே வயித்த முட்ட நெப்பிட்டு, அடுத்த கடை வாசல்ல நின்னு பெருமூச்சு விடுவாக. அந்த ஊர்ல ஒருத்தன் ஆயுசு பூராவும் ஒரே ஒரு பதார்த்தத்தத்தான் கிண்டிக்கிட்டிருப்பான். அவன் அப்பனும் அதையேதான் கிண்டியிருப்பான். அதனால நல்லது பூராவும் தெருவுக்கு ஒண்ணாச் செதறிக் கெடக்கும். நாலு பேருக்கும் சேத்து ஒரு தட்டு வாங்குங்க. ஆளுக்கு ரெண்டு வாய். எந்திரிச்சு நடங்க. ஆளுக்கொரு தட்டுன்னா ஒரு நாளைக்கு மூணு ருசி. நாலு பேருக்கு ஒரு தட்டுன்னா பன்னெண்டு ருசி. நீங்கதான் இஞ்சினியரு, கணக்குத் தப்புன்னா சொல்லுங்க.

மலைய வெள்ளென முடிச்சிருங்க. மேல ஏறுறது, 1923ல வெள்ளக்காரன் கட்டி முடிச்ச இழுவை ரயில்ல. அதுக்கு முந்தி துரைமாருக நாற்காலியில சாஞ்சுக்கிருவாக, கூலியாளுக தோள்ல தூக்கிக்கிட்டு ஏறுவாக. இப்பப் பெட்டி புதுசு, பத்து நிமிசத்துக்குள்ள மேல விட்ருது. உச்சியில முருகன் கோயிலு இருக்கு, பள்ளிவாசலும் இருக்கு, கீழ வேகுறதுக்கு அங்க நாலஞ்சு டிகிரி குளுமையும் இருக்கு. சனி, ஞாயிறுன்னு பாத்து, விடுதியில காலைச் சாப்பாட்ட முடிச்சிட்டு அசைஞ்சு அசைஞ்சு போனீகன்னா, முன்னால நிக்கிறவன் முதுகத்தான் ரெண்டு மணி நேரம் பாப்பீக. அதுக்கும் டிக்கெட்டு உண்டு.

இறங்குனா ஆயர் ஈத்தாம். அங்கதான் கெக் லோக் சி கோயிலு. 1930ல முடிச்ச கோபுரம்; அடியில சீனாக் கட்டு, நடுவுல சயாம் கட்டு, உச்சியில பர்மாக் கட்டு. மூணு நாட்டு வேலைப்பாடு சண்டையில்லாம ஒண்ணு மேல ஒண்ணா நிக்குது. நீங்க நாலு பேரும் எந்தப் பக்கம் திரும்புறதுன்னு முடிவு பண்ணி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும், அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன்.

சந்தைப் பக்கம் வந்து அசாம் லக்சா கேளுங்க. நம்ம வீட்டுப் புளி மீன் குழம்பத் தண்ணியா இறுத்து, தடிச்ச அரிசி நூடுல்ஸ் மேல ஊத்துன மாதிரி இருக்கும். மேல வெள்ளரிக்காய், அன்னாசி, புதினா, ஒரு வகை இஞ்சிப்பூ எல்லாம் பொடிசா நறுக்கிப் போடுவாக. கூடவே ஒரு கரண்டியில கருப்பா ஒண்ணு வரும். இறால் விழுது, ஹேகோம்பாக. மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுராதீக; கருவாட்டுக் குழம்புக்குச் சண்ட போட்ட வம்சம் நாம. அத முழுசாக் கரைச்சுட்டு, அப்புறம் குடிங்க.

மத்தியானம் நாசி கண்டார். அதச் சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் நிமிந்து உக்காருங்க, நம்மாளுக சொத்து அது. தமிழ் முஸ்லிமுக தோள்ல கம்பு போட்டு, ஒரு பக்கம் சோத்துப் பானை, மறுபக்கம் குழம்புப் பானைன்னு சுமந்து, துறைமுகத்துக் கூலியாளுகளுக்கு வித்த சோறு. இன்னைக்குக் கண்ணாடிப் பெட்டி வச்ச கடையாயிருச்சு. பரிமாறுறவர் கையப் பாருங்க: இந்தச் சட்டியில பாதி அகப்பை, அந்தச் சட்டியில கால் அகப்பை, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்புன்னு ஒண்ணு மேல ஒண்ணா ஊத்திக்கிட்டே போவாரு. ‘பாஞ்சிர்’னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், சோறே தெரியாத அளவுக்கு வெள்ளம் விட்ருவாரு. தனித்தனியா ஊத்துங்கன்னு நாகரிகம் பேசாதீக. அந்தக் குழம்புக கலந்தாத்தான் அது நாசி கண்டார்.

ஒரு விசயம். அங்கே விலை, தட்டப் பாத்துச் சொல்ற விலை. உள்ளங்கை அகல இறால், மீன் சினை, கணவாய், இதுகளக் காட்டுறதுக்கு முன்னால “எம்புட்டுண்ணே?”ன்னு வாயத் தொறந்து கேளுங்க. தமிழ்லயே கேக்கலாம். வெக்கப்பட்டுக்கிட்டு விரல நீட்டுனவன்தான் கல்லாவுல வந்து முழிச்சான். நான் உள்ள இருந்து பாத்துச் சிரிச்சிருக்கேன்.

சோத்தச் செரிக்க வைக்க நடங்க. சூலியா ரோட்டுப் பக்கம் போனா, இந்திய முஸ்லிமுகளுக்குத் தலைவரா இருந்த காதர் மொகிதீன் 1801ல எழுப்புன கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலு. எட்டி நடந்தா 1833ல வந்த மகா மாரியம்மன் கோயிலு, பள்ளிவாசல் இருக்கிற தெருவுலயே சீனாக்காரக குவான் யின் கோயிலு, அந்தத் தெரு முடியிற எடத்துல செயின்ட் ஜார்ஜ் சர்ச்சு. யுனெஸ்கோக்காரன் 2008ல இந்த ஊருக்குப் பட்டயம் குடுத்தான். குடுக்கிறதுக்கு முந்தியும் அப்படித்தான் இருந்துச்சு.

அப்புறம் உங்களுக்குப் பிரியமான சுவத்துப் படம். ஆர்மீனியன் தெருவுல ரெண்டு பிள்ளைக சைக்கிள்ல போற மாதிரி, 2012ல லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகரெவிச் வரைஞ்சது. சைக்கிள் மட்டும் நெசச் சைக்கிள், சுவத்தோட பதிச்சது. பின்னால உக்காந்த மாதிரி நின்னு படம் எடுக்க ஒரு கூட்டமே காத்துக் கெடக்கும். உங்க கூட வர்ற கண்ணாடிக்காரத் தம்பிய அங்க நிறுத்திட்டு நீங்க மூணு பேரும் கெங் குவீ சந்துக்குப் போயி, 1936லருந்து நடக்குற கடையில செண்டோல் குடிங்க. பனிக்கட்டிச் சீவல், தேங்காப்பால், கருப்பட்டி மாதிரி ஒரு பாகு, பச்சைப் புழுவாட்டம் நெளியிற மாவு. கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு நின்ன வாக்குல குடிச்சாத்தான் அதுக்கு அழகு. குடிச்சிட்டுத் திரும்புங்க, தம்பிக்கு முன்னால இன்னும் ஆறு பேரு நிப்பாக.

செவ் ஜெட்டிக்குப் போனா, தண்ணிக்குள்ள கால் ஊன்றி நிக்கிற மரவீடுக. சீனாக்காரக ஒரே குடும்பப் பேரு உள்ளவுக சேந்து கட்டுனது. இன்னும் குடியிருக்காக. ஜன்னலுக்குள்ள போன நீட்டாதீக. நம்ம வீட்டுக் கொல்லையில ஒருத்தன் வந்து உங்க அத்தை துணி காயப்போடுறதப் படம் எடுத்தா சும்மா இருப்பீகளா?

ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு சட்டம் உண்டு. மேசை காப்பிக் கடைக்காரனுது, சுத்தி இருக்கிற வண்டிக வேற வேற ஆளுகளுது. குடிக்க ஏதாவது சொல்லாம மேசையில உக்காந்தா மொறைப்பான், மொறைக்கிறது நியாயம். ஆளுக்கு ஒரு தே ஓ சொல்லிட்டு, ஒருத்தர் மட்டும் எந்திரிச்சுப் போயி சார் குவே தியோவுக்குச் சொல்லுங்க. பட்டை நூடுல்ஸ், இறால், மட்டி, முளைப்பயறு, முட்டை, அடியில கரி நெருப்பு. நல்ல கடையில ஒரு சட்டிக்கு ஒரு தட்டுதான் கிண்டுவான், அதான் நேரமாகுது. அவசரப்படுத்துனா கடைசியாத்தான் கிடைக்கும். பன்னிக் கொழுப்புல வதக்குற கடையும் உண்டு, வேண்டாதவுக முன்கூட்டிக் கேட்டுக்கிருங்க. உங்க நாலு பேர்ல இருக்கிற சைவக்காரத் தம்பியப் பட்டினி போடாதீக. லிட்டில் இந்தியாவுல வாழையிலைச் சாப்பாடே இருக்கு. நீங்க தின்னுறத அவன் பாத்துக்கிட்டு உக்கார வேண்டிய அவசியமில்ல.

துரியான் ஆசை வந்தா தெருவுலயே நின்னு தின்னு, கையக் கழுவிட்டு விடுதிக்குப் போங்க. உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு வாசல்லயே படம் போட்டு எழுதியிருப்பான். பைக்குள்ள ஒளிச்சுக்கிருவோம்னு நெனைச்சா, பையி மூடியிருக்கும், வாசம் ஊரு பூராவும் சொல்லும்.

காசு விவகாரத்துல தனித்தனியாப் பிரிக்காதீக. ஒரு பை வைங்க, ஆளுக்குச் சமமாப் போடுங்க, கொஞ்சம் கஞ்சனா இருக்கிறவன் கையில குடுங்க. யாரு கஞ்சன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க அம்மாவே சொல்லிருச்சு, அது நீங்கதானாம்.

யோசனைக்குக் கூலி கேக்குற ஆளு இல்ல நான். ஆனா பெட்டியில எடம் இருந்தா ரெண்டு சாமான். ஜாதிக்காய்த் தைலம் ரெண்டு பாட்டிலு, உங்க அத்தைக்கு முட்டி வலி. சீனி போட்டுக் காயவச்ச ஜாதிக்காய்ச் சீவல் ஒரு பொட்டலம், அது எனக்கு. டாக்டரு எனக்குச் சர்க்கரை கூடாதுன்னிருக்காரு, உங்க அத்தை அலமாரிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு அலையுது. அதனால தைலத்த அவ கையில குடுங்க, பொட்டலத்த மட்டும் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டாங்க, மருமகனே.